மில்டவுன் மால்பே நாட்குறிப்பு

நாள் 1, சனி

டப்ளின் ஹூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறி, லிமெரிக்கில் மாறி, மதியத்துக்கு மேல் எனிஸ் வந்து இறங்கினேன். அங்கிருந்து மில்டவுன் மால்பேக்கு 30 கிலோமீட்டர் சொச்சம். இரண்டு ஊரும் அயர்லாந்தின் மேற்கே கிளேர் கவுண்டியில்; கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஒரு காலத்தில் இந்தப் பாதையிலும் ரயில் ஓடியது. மேற்குக் கிளேர் ரயில்வே என்ற சிற்றகலப் பாதை, 1887இல் தொடங்கி 1961இல் மூடப்பட்டது. தாமதத்துக்குப் பேர்போன ரயிலாம். அதைக் கேலி செய்து ஒரு பாட்டே இருக்கிறது. இப்போது பஸ்தான். நான் ஏறிய பஸ்ஸில் ஆட்களை விட வாத்தியப் பெட்டிகள் அதிகம். என் மடியிலும் ஒன்று, அலுவலகத் தோழியிடம் இரவல் வாங்கிய ஃபிடில். வயலினுக்கு இங்கே அதுதான் பெயர்.

எதற்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். டப்ளினுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மாயவரத்தில் பத்தாவது வரை வயலின் கற்றுக்கொண்டேன். அப்புறம் பொதுத்தேர்வு வந்தது, வயலின் பரணுக்குப் போனது. நம் பக்கத்துப் பாதிப் பிள்ளைகளின் கதைதான். இங்கே ஒவ்வொரு ஜூலை முதல் வாரமும் ஐரிஷ் மரபிசைக்கான வில்லி கிளான்சி கோடைப் பள்ளி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு வாரம் லீவு போட்டு, ஃபிடில் வகுப்பில் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

ஊர் என்றால் ஒரே ஒரு பெரிய தெரு, இரண்டு பக்கமும் கடைகளும் பப்புகளும். ஓரிடத்தில் வில்லி கிளான்சிக்கு வெண்கலச் சிலை, மடியில் பைப் என்ற காற்றுவாத்தியத்தோடு. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. தெருவில் ஐந்தடிக்கு ஒரு மெட்டு கேட்கிறது. எங்கும் அறை கிடைக்காமல், ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் மாடி அறை பிடித்திருக்கிறேன். வீட்டுக்கார அம்மா கேட்ட முதல் கேள்வி, "நீ என்ன வாசிப்பாய்?" பெயரைக் கேட்டது அதற்கப்புறம்தான்.

நாள் 2, ஞாயிறு

இன்று ஒரு அசட்டுக் காரியம் செய்தேன்.

இங்கே 'செஷன்' என்று சொல்வதைக் கச்சேரி என்று நினைத்துப் போகக்கூடாது. மேடை இல்லை, டிக்கெட் இல்லை. பப்பின் ஒரு மூலையில் ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கிறார்கள். கேட்பவர்களுக்குத் தெரிவது பெரும்பாலும் முதுகுதான். நான் ஒரு பப்பில் நுழைந்தபோது அந்த வட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. முதல் வரிசை சீட் கிடைத்தது என்று சந்தோஷமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மெட்டு முடிந்ததும், தொப்பி போட்ட வயதான ஃபுளூட்காரர் என் பக்கம் திரும்பி மிக மரியாதையாக, "என்ன வாசிக்கப் போகிறீர்கள்?" என்றார்.

"நான் கேட்க வந்தேன்."

"ஓ, கேட்கவா? நல்லது, நல்லது." கையால் சுவர்ப் பக்கத்து பெஞ்சைக் காட்டினார். வட்டத்துக்குள் இருக்கும் நாற்காலி வாசிப்பவருக்கு. யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர.

பெஞ்சிலிருந்து பார்த்தபோதுதான் நடப்பது புரிய ஆரம்பித்தது. ஒருவர் ஏதோ ஒரு மெட்டைத் தொடங்குகிறார். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள், தெரியாதவர்கள் சும்மா இருக்கிறார்கள். பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பகுதி, பகுதிக்கு எட்டு பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி), ஒவ்வொரு பகுதியும் இரண்டு தடவை. முழு மெட்டும் இரண்டு மூன்று சுற்று வந்ததும், நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுகிறார்கள். எதற்குத் தாவப் போகிறோம் என்று யாரும் அறிவிப்பதில்லை. தொடங்கியவரின் புருவம் சற்று உயரும், அவ்வளவுதான். ஜிக், ரீல் என்று நடன மெட்டுகளில் வகை உண்டு. ஜிக் நம் திஸ்ர நடை மாதிரி உருளும். ரீல் சதுஸ்ரமாக ஓடும். கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். வாசித்து முடித்ததும் "நல்ல மெட்டு" என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி "யாரிடமிருந்து கிடைத்தது?" என்பதுதான். மெட்டின் பெயர் பாதிப் பேருக்கு நினைவில் இருப்பதில்லை, கொடுத்தவர் பெயர் இருக்கிறது.

நாள் 3, திங்கள்

முதல் வகுப்பு. காலை பத்து மணிக்கு, ஒரு பள்ளிக்கூட அறையில், குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் பதினைந்து பேர். பத்து வயதுப் பையன் முதல் எழுபது வயது ஜெர்மன்காரர் வரை.

ஆசிரியை பக்கத்து ஊர்க்காரர். நோட்டேஷன் எதுவும் தரவில்லை. ஒரு சின்ன துண்டு வாசிப்பார், நாங்கள் திருப்பி வாசிக்க வேண்டும். அப்புறம் அடுத்த துண்டு. பிறகு இரண்டையும் சேர்த்து. ஜெர்மன்காரர் தாளில் எழுதிக்கொள்ளப் பார்த்தார். "முதலில் காதில் ஏறட்டும், தாள் எங்கேயும் போய்விடாது" என்றார் ஆசிரியை. எனக்கு இது புதிதே இல்லை. அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததும் இப்படித்தான்.

காதுக்குப் பழக்கம் இருந்தது, கைக்கு இல்லை. தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசித்துப் பழகியவள் நான். இங்கே நாற்காலியில் உட்கார்ந்து தாடைக்குக் கீழ் இடுக்கிக்கொள்ள வேண்டும். கம்பிகளும் ச-ப-ச-ப அல்ல, வேறு சுருதி. எல்லாவற்றையும் விட மோசம், என் விரல் வழுக்குகிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்தே போகிறது. இவர்களுடைய அலங்காரம் வேறு ஜாதி. 'கட்', 'ரோல்' என்கிறார்கள். பிடித்த ஸ்வரத்தை மேல் விரலால் ஒரு சொடுக்கு, கீழ் விரலால் ஒரு தட்டு, கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஆசிரியை என் விரலைப் பிடித்து, "தூக்கி வை, தேய்க்காதே" என்று ஐந்து தடவை சொல்லியிருப்பார்.

மதியம் சூப் வாங்கினேன். காய்கறி சூப் என்று எழுதியிருந்தது. விசாரித்தால் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்ததாம். பழுப்பு ரொட்டியும் வெண்ணெயும் போதும் என்று முடித்துக்கொண்டேன். அந்த ரொட்டி நன்றாகவே இருக்கிறது.

நாள் 4, செவ்வாய்

இன்று பைப். இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் எழுத வேண்டும்.

ராணுவ அணிவகுப்பில் நாம் பார்க்கும் பேக்பைப் ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்களுடையது. நின்று, வாயால் ஊதி வாசிப்பது. மொத்தம் ஒன்பது ஸ்வரம். சத்தம் மலை தாண்டும். அயர்லாந்தின் இல்லன் பைப் வேறு பிறவி. 'இல்லன்' என்ற சொல் முழங்கையைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. வலது முழங்கைக்கடியில் ஒரு துருத்தி, இடது கையிடுக்கில் ஒரு பை. துருத்தி பைக்குக் காற்றைக் கொடுக்கிறது, வாய் சும்மா இருக்கிறது. பெரும்பாலும் உட்கார்ந்துதான் வாசிக்கிறார்கள். விரல் வைத்து வாசிக்கும் குழல் இரண்டு ஸ்தாயி பேசும். அது தவிர மூன்று ஒத்துக் குழல்கள் விடாமல் சுருதி பிடிக்கின்றன. இது போதாதென்று, மணிக்கட்டால் தட்டி இசைக்கூட்டு சேர்க்கிற மாதிரி இன்னும் மூன்று குழல்கள். வாசிப்பவரைப் பார்த்தால் ஒரு சின்னத் தொழிற்சாலையை மடியில் வைத்துக்கொண்டு நடத்துகிற மாதிரி இருக்கிறது.

மதியத்துக்கு மேல் பைப்பர்கள் ஒவ்வொருவராக வாசிக்கும் நிகழ்ச்சிக்குப் போனேன். முதலில் வந்தவர் சுருதி சேர்க்கவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர் சீவாளியை எடுத்துப் பார்த்து, நூலை இறுக்கி, "நேற்று ஈரம், இன்று வெயில், இதற்கு என்னைப் பிடிக்கவில்லை" என்றார். கூடம் சிரித்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு நாகஸ்வரக்காரர் இருந்தார். மழைக்காலத்தில் சீவாளியைத் திட்டுவதே அவருக்கு வேலை.

அப்புறம் ஒத்து தொடங்கியது. அதன் மேல் ஒரு மெதுவான மெட்டு. இங்கே 'ஏர்' என்கிறார்கள், தாளக்கட்டு இல்லாமல் ஆலாபனை போலப் போவது. கேட்டுக்கொண்டிருந்த ஐந்து நிமிடம் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோனது. இதற்கு மேல் எழுதினால் மிகையாகிவிடும்.

வில்லி கிளான்சி இந்த ஊர்க்காரர். 1918இல் பிறந்தவர், தச்சர், பைப்பர், பெரிய கதைசொல்லி. அவருடைய அப்பா கில்பர்ட், கேரட் பாரி என்ற கண்பார்வை இல்லாத பைப்பரின் மெட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டிருந்தவர். அவற்றை மகனுக்குக் கொடுத்தார். ஊர் ஊராகச் சுற்றி வாசித்த ஜானி டோரனைக் கேட்ட பிறகுதான் வில்லிக்குப் பைப் பித்து பிடித்தது. அந்தக் காலத்தில் இந்தக் கருவி கிட்டத்தட்ட அழியும் நிலையில் இருந்தது. 1968இல் பைப்பர்கள் சேர்ந்து 'நா பீபரீ இல்லன்' சங்கத்தைத் தொடங்கியபோது, நாடு முழுவதும் வாசிப்பவர்கள் நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள் என்று சொல்கிறார்கள். வில்லி 1973 ஜனவரியில், 54 வயதில் இறந்தார். நண்பர்கள் அதே கோடையில் இந்தப் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. 2017இல் யுனெஸ்கோ இல்லன் பைப் கலையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்று பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி மேடையேறி, ஒத்துக்குழல் ஒன்று மக்கர் செய்ய, அலட்டாமல் அதை அடைத்துவிட்டு மேலே வாசித்தாள்.

நாள் 5, புதன்

காலையில் ஆசிரியை, "இன்று சுலபமாக ஒரு போல்கா" என்று சொல்லி முதல் துண்டை வாசித்தார். போல்காவும் ஒரு நடன மெட்டு வகைதான். ச க ச க என்று துள்ளுகிற ஒரு மெட்டு.

எனக்குக் கை நின்றுபோனது.

அவர் இரண்டாவது துண்டு வாசிப்பதற்குள் நான் வாசித்துவிட்டேன். மூன்றாவதையும். "உனக்கு இது முன்பே தெரியுமா?" என்றார். தெரியும். ஏழு வயதில் தெரியும். கீதம் தொடங்குவதற்கு முன்னால் அம்மா சொல்லிக்கொடுத்த 'வந்தே மீனாட்சி', முத்துஸ்வாமி தீட்சிதர் பாடியது. ஆசிரியையிடம் இதன் பெயரைக் கேட்டேன். 'தி ரேக்ஸ் ஆஃப் மாலோ'. மாலோ என்பது இங்கிருந்து தெற்கே, கார்க் கவுண்டியில் இருக்கும் ஊர். 'ரேக்ஸ்' என்றால் ஊதாரிகள். மாலோ ஊர் ஊதாரிகளின் மெட்டில் மீனாட்சிக்கு வந்தனம்!

தீட்சிதர் குடும்பம் சென்னைக்கருகில் மணலியில் முதலியார் ஆதரவில் இருந்த காலத்தில், ஜார்ஜ் கோட்டையில் கம்பெனிக்காரர்களின் பேண்டைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார் என்பதைப் பாட்டு வகுப்புக்குப் போன எல்லாரும் கேட்டிருப்பார்கள். நோட்டுஸ்வரம் என்று பெயர். எல்லாம் சங்கராபரணம். நானும் சிறுவயதில் 'ஏதோ இங்கிலீஷ் நோட்டு' என்றுதான் நினைத்திருந்தேன். அந்த 'இங்கிலீஷ்' பேண்டில் எத்தனை அயர்லாந்துக்காரர்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தார்களோ. தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி வயலின் கற்றுக்கொண்டதும் அதே மணலி நாட்களில்தான். அப்படிப் பார்த்தால் என் பரண்மேல் வயலினே அந்தக் கோட்டை வழியாக வந்ததுதான்.

இடைவேளையில் அம்மாவுக்கு போன் போட்டேன். அங்கே மாலை ஆகியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் வாசித்துக் காட்டினேன்.

"வந்தே மீனாட்சிடி! இத்தனை வருஷம் கழிச்சு எடுத்தியா? ஏன் இப்படி ஓடுற? பக்திப் பாட்டும்மா அது."

"இங்க இதுக்கு டான்ஸ் ஆடுறாங்கம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி, அவங்க ஊர்ப் பாட்டு. ஆடட்டும்" என்றார்.

நாள் 6, வியாழன்

மழை. அட்லாண்டிக் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வருகிறது. குடை உடைந்தது.

ஒதுங்கிய இடத்தில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஷான்-நோஸ் என்ற பழைய பாணி. பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஒருவர் தனியாகப் பாடுகிறார், கண்ணை மூடிக்கொண்டு. வரிகளுக்கு நடுவே "நல்லா இருக்கு", "அப்படித்தான்" என்று கேட்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். நம் 'பலே'தான், கொஞ்சம் கூச்சத்தோடு.

அப்புறம் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலிருந்து வந்த ஒரு பெண்மணி எழுந்தார். பையிலிருந்து அவர் எடுத்த பொருளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுருதிப்பெட்டி! நம்முடைய அதே மரப்பெட்டி. இங்கேயும் ஸ்காட்லாந்திலும் பாடகர்கள் பலர் இதை வைத்திருக்கிறார்களாம். அதைத் திறந்து மூடிக்கொண்டே கேலிக் என்ற அவர்கள் மொழியில் ஒரு பாட்டு பாடினார். பிறகு பெட்டியை வைத்துவிட்டு 'பூர்ஷ்த்-ஆ-பியால்' என்ற வாய்மெட்டு ஒன்று. வாசிக்கக் கருவி இல்லாத வீடுகளில் நடனத்துக்கு வாயாலேயே மெட்டுப் போட்டிருக்கிறார்கள். அர்த்தத்தைவிடச் சொல்லின் வெட்டுதான் முக்கியம். ஜதி கேட்டு வளர்ந்த காதுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மழை விடும்வரை அவரோடு தேநீர். "அடுத்து எங்கே போகப் போகிறாய்?" என்று கேட்டார். எங்கும் இல்லை, அலுவலகம்தான் என்றேன். அவர் விடவில்லை. என் நோட்டில் அவரே ஒரு வருடக் கணக்கை எழுதிக்கொடுத்தார். இந்த மாத நடுவில் அவருடைய ஊர் ஸ்டோர்னொவேயில் ஹெப்செல்ட் விழா, 1996லிருந்து நடப்பது. கோட்டைப் பூங்காவில் பெரிய கூடாரம், உல்லாபூலிலிருந்து கப்பலில் போக வேண்டும். ஆகஸ்ட் வந்தால் எங்கே போவது என்பதுதான் சிக்கலாம். கிளேரிலேயே கிழக்கே ஃபீக்கிள் கிராமத்தில் ஒரு விழா. பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில், லோரியாங்கில், 1971லிருந்து அயர்லாந்து, ஸ்காட்லாந்து மாதிரியான கெல்டிக் நாடுகள் எல்லாம் கூடும் பத்து நாள் விழா. கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் உலக பைப் பேண்ட் போட்டி. இவற்றோடு அயர்லாந்தின் ஃப்ளா கியோல், 1951இல் முல்லிங்காரில் தொடங்கி ஊர் மாறி மாறி நடக்கும் பெரிய போட்டித் திருவிழா. அக்டோபரில் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பாட்டுப் போட்டியான மோட், 1892லிருந்து. அதே மாதம் கனடாவின் கேப் பிரெட்டனில் ஒரு விழா. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுபோன ஃபிடில் பாணி அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜனவரியில் கிளாஸ்கோவின் கெல்டிக் கனெக்ஷன்ஸ். கிறிஸ்துமஸ் முடிந்து கச்சேரி அரங்கு காலியாகக் கிடந்ததால் 1994இல் தொடங்கிய யோசனையாம் அது. "குளிரும், இருட்டும். அதனால்தான் எல்லாரும் வருவார்கள்" என்றார். அதை மட்டும் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

"இங்கே வாசிக்கும் ரீல்களில் எங்களுடையவை எத்தனை தெரியுமா?" என்று போகிற போக்கில் கேட்டார். பக்கத்து மேசைக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். அந்த வாக்குவாதம் நான் கிளம்பும்போதும் முடியவில்லை.

நாள் 7, வெள்ளி

வெயில். வகுப்பு முடிந்து ஸ்பானிஷ் பாயிண்ட் கடற்கரைவரை நடந்தேன். 1588இல் ஸ்பெயினின் அர்மாடா என்ற கடற்படையின் கப்பல்கள் இந்தக் கரையோரம் உடைந்ததால் வந்த பெயர். தண்ணீரில் கால் வைத்தேன், உடனே எடுத்துவிட்டேன்.

இரவு நடனம். நான்கு ஜோடி எதிரெதிரே நின்று ஆடும் 'செட்'. இங்கே எல்லாரும் கேட்பது கலிடோனியன் செட். கலிடோனியா என்பது ஸ்காட்லாந்தின் பழைய பெயர்; நேற்றைய வாக்குவாதத்துக்கு இதுவும் ஒரு சாட்சி. கிளேர்க்காரர்கள் தரையைக் காலால் தட்டும் தட்டில் பலகை அதிர்கிறது. என் ஜோடியான பால்பண்ணைக்காரர் என்னை மூட்டை மாதிரி சரியான இடத்துக்குத் தள்ளித் தள்ளியே ஒரு சுற்று முடித்தார்.

மூச்சு வாங்க வெளியே நின்றபோது அவர் சொன்னது: முன்பெல்லாம் இந்த ஆட்டம் வீடுகளில், சமையலறைத் தரையில். 1935இல் நடனக் கூடங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று ஒரு சட்டம் வந்தது. பாதிரியார்களும் போலீஸும் அதைக் காட்டி வீட்டு நடனங்களையும் நிறுத்தினார்கள். இந்தப் பக்கத்து ஃபிடில் கலைஞர் ஜூனியர் கிரேஹன், கிராமங்கள் ஊமையாகிப்போன அந்த நாட்களைப் பற்றிக் கடைசிவரை வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தாராம். "என் பாட்டி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினார்கள்" என்றார் பால்பண்ணைக்காரர். அதில் அவருக்கு இன்னமும் பெருமை.

நாள் 8, சனி

கடைசி நாள். எங்கள் வகுப்பு மாலையில் ஒரு பப்பின் பின்னறையில் கூடியது. கற்றுக்குட்டிகளுக்கான மெதுவான செஷன் என்றார்கள். போனால், ஞாயிறன்று பார்த்த தொப்பிக்காரர் ஃபுளூட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என்னை நினைவில்லை. நல்லதாயிற்று.

முறை வைத்து ஒவ்வொருவராக ஒரு மெட்டு தொடங்கச் சொன்னார்கள். ஜெர்மன்காரர் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார், தாள் இல்லாமல். என் முறை வந்தது. எனக்கு முழுசாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

மிக மெதுவாகத்தான் எடுத்தேன், அம்மா சொன்ன வேகத்தில். முதல் சுற்று தனியாகப் போனது. இரண்டாம் சுற்றில் எல்லாரும் சேர்ந்தார்கள், வேகமும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் சுற்றில் நான் பின்தங்கி, பாதி ஸ்வரங்களை விட்டுவிட்டு, கடைசி பாரில் அவர்களைப் பிடித்தேன். வாரம் முழுக்கத் திருத்தியும் விரல் இரண்டு இடத்தில் வழுக்கத்தான் செய்தது.

தொப்பிக்காரர் ஃபுளூட்டைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். "இரண்டாம் பகுதியில் ஒரு நெளிவு போட்டாயே, நாங்கள் அப்படி வாசிக்க மாட்டோம். யாரிடமிருந்து கிடைத்தது?"

"அம்மாவிடமிருந்து."

"எந்த ஊர்?"

"மாயவரம்."

மனதுக்குள் எல்லாக் கவுண்டிகளையும் ஒரு சுற்று சுற்றி வந்தார் போலிருக்கிறது. கிடைக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையனைப் பார்த்து, "சரி, நீ தொடங்கு" என்றார்.